ஐம்பதிலேயே நிற்கும் எண்: கட்டட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் அலுவலகக் கட்டடங்களையும் கடைத்தொகுதிகளையும் கூட்டுரிமை வீடுகளையும் பார்த்துக்கொள்ளும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் ஃபேசிலிட்டி மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஏசிஎம்வி ஆள், அதாவது கட்டடங்களின் குளிரூட்டலையும் காற்றோட்டத்தையும் பார்த்துக்கொள்பவன். உங்கள் கட்டடத்தின் குளிரும் காற்றும் புறப்படுகிற அறைகளில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது இரவுப் பணி மேற்பார்வையாளர். மாதக் கூட்டத்தில் ‘ஏசி கான்ட்ராக்டர்’ என்று நீங்கள் சொல்லிக் கடந்துபோகும் ஆட்களில் ஒருவன். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. பிளாண்ட் அறையில் எங்களுக்குள் ஓடுகிற மொழி இது. உங்களில் பலர் வீட்டில் பேசுவதும் இதுதான். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் ரிப்போர்ட் ஆகிவிடும். ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள்?

உங்கள் கட்டடத்தில் விஎஸ்டி இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ‘இருக்கிறதே, சில்லர் மாற்றியபோதே போட்டாச்சே’ என்பீர்கள். (சில்லர் என்பது கட்டடத்துக்கான குளிர்நீரைத் தயாரிக்கும் இயந்திரம்.) சரி. அது இந்த நிமிடம் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது? அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

விஎஸ்டி என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. நமக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண நான்கு துருவ மோட்டாரை அதில் நேராக மாட்டினால் நிமிடத்துக்கு 1,450 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஓடும். அதற்கு வேறு வேகம் தெரியாது. விஎஸ்டி நடுவில் உட்கார்ந்து, வருகிற மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, வேண்டிய ஹெர்ட்ஸில் மறுபடி மாறுமின்னோட்டமாக்கிக் கொடுக்கும். எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது அடியிலிருந்து ஸ்வரம் ஏறுவது மாதிரி ஓர் ஓசை கேட்கிறதே, அது இந்த வகைப் பெட்டி வேலை செய்யும் சத்தம். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஏசிக்குள் இருப்பதும் இதே சங்கதிதான். புதுசும் இல்லை. டென்மார்க்கின் டான்ஃபாஸ் 1968-லேயே இதை வரிசையாகத் தயாரித்து விற்கத் தொடங்கிவிட்டது.

பம்புக்கும் விசிறிக்கும் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு கணக்கு இருக்கிறது. வேகத்தை 50-லிருந்து 40-க்கு இறக்கினால் நீரின் ஓட்டமும் ஐந்தில் நான்காகக் குறையும். ஆனால் மின்சாரம் அதே விகிதத்தில் குறையாது. வேகத்தின் மும்மடிக்குத் தக்கபடி குறையும்: 0.8 × 0.8 × 0.8. அதாவது கிட்டத்தட்டப் பாதி. வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டில் ஒரு பங்கு. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சைக்கிளை விரட்டி மிதித்தவர்களுக்கு இது கால் தசையிலேயே தெரியும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் உயிர் போகும். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம்.

இந்தக் கணக்கு தெரியாத பொறியாளர் கிடையாது. அதனால்தான் உங்கள் பணத்தில் பெட்டி வாங்கி மாட்டினார்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை, நான் நேரில் பார்த்த ஒரு கட்டடத்தை வைத்துச் சொல்கிறேன். எந்தக் கட்டடம் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

கீழ்த்தள பிளாண்ட் அறை. இரவு பத்தரை மணி. சில்லர் குளிர வைத்த நீரை மாடிகளுக்குச் சுற்றிவிடும் குளிர்நீர்ப் பம்ப் மூன்று. ஒன்று ஓடுகிறது, 37 கிலோவாட் மோட்டார். பக்கத்துச் சுவரில் விஎஸ்டி. அதன் திரையில் 50.0 என்று ஓர் எண் அசையாமல் நிற்கிறது. ‘ஹேண்ட்’ விளக்கு எரிகிறது: யாரோ கையால் வேகத்தை நிறுத்தி வைத்திருக்கிறார், பெட்டி தானாக மாற்றாது. பொத்தான்களின் மேலே குறுக்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் ‘டோன்ட் டச்’ என்று எழுதியிருக்கிறது. டேப் பழுத்து ஓரம் சுருண்டுவிட்டது. பம்பிலிருந்து வெளியேறும் குழாயில் நீரோட்டத்தை மட்டுப்படுத்தும் பேலன்சிங் வால்வு பாதிக்கு மேல் மூடிக் கிடக்கிறது. அதன் வழியாகப் போகிற தண்ணீர் நெருக்கடியில் சீறுகிற சத்தம் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவரை நீங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா? உங்கள் பம்ப் அப்படித்தான் ஓடுகிறது.

என்னோடு வந்த தம்பிக்கு அறந்தாங்கிப் பக்கம் ஊர், நல்ல கைக்காரன். நான் டேப்பில் விரலை வைத்ததும் பதறிவிட்டான். “அண்ணே, அத உரிக்காதீங்கண்ணே. ஐம்பதுலயே கெடக்கட்டும். போன தடவ யாரோ மாத்திட்டு 14-வது மாடில கம்ப்ளைன்ட் வந்து, எங்க சூப்பர்வைசர் வாங்கிக் கட்டிக்கிட்டாரு.”

தேடிப் பார்த்ததில் கதை இதுதான். விஎஸ்டி தானாக வேகத்தை முடிவு செய்வதற்கு ஒரு கண் வேண்டும். குளிர்நீர்க் குழாயின் கடைசிக் கோடியில், தூரத்து ஏஎச்யூவுக்கு (குளிர்நீரால் காற்றைக் குளிர வைத்து மாடிக்கு ஊதும் பெட்டி) பக்கத்தில், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சர் ஒன்று இருக்கும். மாடிகளில் குளிர் போதும் என்று ஏஎச்யூ வால்வுகள் மூடிக்கொள்ளும்போது அந்த அழுத்தம் ஏறும். உடனே விஎஸ்டி வேகத்தைக் குறைக்கும். வால்வுகள் திறந்தால் அழுத்தம் இறங்கும், வேகம் கூடும். இந்தக் கட்டடத்தில் அந்தச் சென்சர் பழுதாகி, தப்பான அளவைக் காட்டியிருக்கிறது. பம்ப் தேவைக்குக் கீழே இறங்கி, 14-வது மாடி வெந்திருக்கிறது. ஓடிவந்த ஆள் அவசரத்துக்கு ‘ஹேண்ட்’ போட்டு, 50 வைத்து, டேப் ஒட்டினார். அந்த இரவுக்கு அது சரியான வேலை. ஆனால் டேப்பின் மேல் தேதி எழுதியிருந்தது: இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

சென்சர் சில நூறு வெள்ளிப் பொருள். மாற்றினோம். அப்புறம் மூன்று இரவு, பேலன்சிங் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கத் திறந்தோம். வேகத்தை 2 ஹெர்ட்ஸ், 2 ஹெர்ட்ஸாக இறக்கினோம். ஒவ்வொரு தடவையும் தம்பி மேலே ஓடிப்போய்த் தூரத்து ஏஎச்யூவின் குளிர்க் காற்றில் வெப்பமானி பிடித்து எனக்குப் போனில் சொன்னான். பிறகு பகலில் பார்த்தபோது, நெரிசல் சமயத்திலேயே 40 ஹெர்ட்ஸ் போதுமானதாக இருந்தது. அழுத்திப் பிடித்த வால்வோடு 30 கிலோவாட் தின்றுகொண்டிருந்த பம்ப், அதே அளவு நீரை 17 கிலோவாட்டில் சுற்றியது.

13 கிலோவாட் மிச்சம். நாளுக்கு 14 மணி, மாதம் 26 நாள் என்றால் கிட்டத்தட்ட 4,700 யூனிட். யூனிட்டுக்கு 25 காசு என்று குறைத்து வைத்தாலும் மாதம் 1,200 வெள்ளியை ஒட்டி வருகிறது. இரண்டு வருடத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு பம்புக்கு! இன்னொன்றும் உண்டு. பம்ப் வீணாக்கும் மின்சாரம் எங்கேயும் மாயமாகிவிடாது. பெரும்பகுதி அந்தக் குளிர்நீருக்குள்ளேயே சூடாகப் போய் உட்காரும். அதை எடுத்துப்போட சில்லர் சுமார் 3 டன் (குளிரூட்டும் திறனின் அளவு) கூடுதலாக உழைக்க வேண்டும். காசு கொடுத்துக் குளிர வைத்த நீரை, காசு கொடுத்துச் சூடாக்கி, மறுபடி காசு கொடுத்துக் குளிர வைக்கிற வேலை இது.

‘இங்கே வருடம் முழுக்க வெயில்தானே, வேகத்தைக் குறைக்க எங்கே இடம்?’ என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குளிர் நாடுகளில் கட்டடத்தைச் சூடாக்கும் வெந்நீர்ப் பம்புகளுக்கு வசந்தகாலம் வந்தால் வேலை குறையும்; நமக்கு அப்படிப் பருவம் இல்லையே என்பது அவர் எண்ணம். ஆனால் உங்கள் பிளாண்ட், வருடத்திலேயே மோசமான மதியத்தில், எல்லா மாடியும் நிரம்பியிருக்கும்போது தாங்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. அதன்மேல் வடிவமைப்பாளர் கொஞ்சம், ஒப்பந்தக்காரர் கொஞ்சம், பம்ப் விற்றவர் கொஞ்சம் என்று ஆளாளுக்குப் பாதுகாப்புக்காகச் சேர்த்திருப்பார்கள். அந்த மோசமான மதியம் வருடத்தில் எத்தனை மணி நேரம் வரும்? டிசம்பர், ஜனவரி மழை நாட்களில் வெளியே 24 டிகிரி. வெள்ளிக்கிழமைகளில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. சந்திப்பு அறைகளில் ஆளே இல்லாமல் குளிர் அடித்துக்கொண்டிருக்கிறது. தேவை மணிக்கு மணி மாறுகிறது. திரையில் எண் மட்டும் 50.0.

இதற்கு ஒரு சாட்சி எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது: நாற்காலி முதுகில் தொங்கும் ஸ்வெட்டர். பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரி தள்ளி இருக்கிற ஊரில், வெளியே வேர்த்து விறுவிறுத்து வந்த அக்கா, உள்ளே வந்ததும் சால்வை போர்த்திக்கொண்டு கணினி முன்னால் உட்காருகிறார். அவர் தலைக்கு மேலே ஏஎச்யூ விசிறி முழு வேகத்தில் ஊதிக்கொண்டிருக்கிறது.

இனி, உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய பகுதி. டேப் ஒட்டியவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். இத்தனை மணி நேரத்துக்குள் புகாருக்கு வரவேண்டும், இல்லையென்றால் பிடித்தம். மாதத்துக்கு இத்தனை புகாருக்கு மேல் போனால் பிடித்தம். மின்சாரம் வீணானால்? ஒரு வரிகூட இருக்காது. வாடகைதாரர் ஒருவருக்குப் புழுங்கினால் எனக்கு ராத்திரி ஒரு மணிக்குப் போன் வரும். பம்ப் இரண்டு வருடம் 50-ல் ஓடினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த நிலையில் எந்த டெக்னீஷியன் 40-க்கு இறக்குவான்? 50 என்பது எங்களுக்கு ஹெர்ட்ஸ் இல்லை சார், காப்பீடு.

மோட்டாரைப் பற்றி மட்டும் விதிகள் கறாராக இருக்கின்றன. 2018 அக்டோபரிலிருந்து ஒற்றை வேக மூன்று ஃபேஸ் மோட்டார்கள் ஐஇ3 என்ற மின்சிக்கனத் தரத்துக்குக் குறைந்தால் இங்கே விற்க முடியாது. நல்லதுதான். ஆனால் 37 கிலோவாட் மோட்டாரில் ஐஇ2-க்கும் ஐஇ3-க்கும் உள்ள திறன் வித்தியாசம் ஒரு சதவீதப் புள்ளியைச் சுற்றித்தான். அந்த ஒரு புள்ளிக்காக மோட்டாரைத் தேடித் தேடி வாங்கிவிட்டு, பக்கத்திலேயே பாதி மின்சாரத்தை ஒரு மாஸ்கிங் டேப்பிடம் விட்டுவிடுகிறோம்.

கட்டட, கட்டுமான ஆணையம் 2005-லிருந்து கிரீன் மார்க் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் கொடுத்து வருகிறது. 2030-க்குள் நம் கட்டடங்களில் 80 விழுக்காட்டை, தளப்பரப்பின் கணக்கில், பசுமையாக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. பெரிய கட்டடங்களின் குளிரூட்டு அமைப்பை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்கிறார்கள். தணிக்கை வருகிற வாரம் எங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. குழாய் துடைப்போம், பெயின்ட் அடிப்போம், எல்லாவற்றையும் ‘ஆட்டோ’வில் போடுவோம். பிறகு ஒரு புகார், ஒரு டேப். மீதி நாட்களை யார் பார்ப்பது? நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் சுலபம் என்றும் நினைத்துவிடாதீர்கள். வேறொரு கட்டடத்தில் எனக்கு ஆசை மிஞ்சிப்போனது. 40 ஓடுகிறதே, 30-க்குப் போனால் என்ன என்று இறக்கினேன். சில்லருக்குள் போகிற நீர் அதன் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய், நீரோட்டம் குறைந்தால் சில்லரை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச் தட்டி, காலை எட்டரைக்குச் சில்லர் நின்றது. மறுபடி கிளப்பிக் குளிர் வருவதற்குள் பத்து மணி. அன்றைக்கு நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. மும்மடிக் கணக்கும் காகிதத்தில் வருகிற மாதிரி அப்படியே மீட்டரில் வராது. கடைசி ஏஎச்யூவில் ஓர் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தே ஆகவேண்டும். விஎஸ்டியே தன் பங்குக்கு இரண்டு மூன்று விழுக்காடு சாப்பிடும். விசிறி வேகத்தைக் குறைக்கும்போது வெளிக்காற்று உள்ளே வருவதும் குறையும் என்பதால் கார்பன் டை ஆக்சைடு சென்சரையும் பார்க்க வேண்டும். சில மோட்டார்களில் பியரிங் வழியாக மின்சாரம் கசிந்து, உள்ளே வரிவரியாகத் தழும்பு விழுந்து, கரகரவென்று சத்தம் போடும். தண்டுக்கு எர்த் வளையம் மாட்டினால் சரியாகும், ஆனால் மாட்ட யாராவது நினைக்க வேண்டும். அப்புறம் எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: விஎஸ்டி வெளியேறும் பக்கத்து வயரில் சாதாரண கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) காட்டும் ஆம்பியரை நம்பி மேலாளரிடம் சவால் விடாதீர்கள்.

மொட்டை மாடியில் இன்னொரு வேடிக்கை. சில்லர் தள்ளும் சூட்டை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவரில் இரண்டு விசிறி இருந்தால், ஒன்றை முழு வேகத்தில் ஓட்டி மற்றொன்றை நிறுத்தி வைப்பது சிக்கனம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். விளக்கை அணைத்துப் பழகிய கை அது. இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டினால் மொத்தக் காற்று அதேதான். ஒவ்வொன்றும் எட்டில் ஒரு பங்கு மின்சாரம், இரண்டும் சேர்த்து நாலில் ஒரு பங்கு. கூடுதலாக ஒரு விசிறியை ஓடவிட்டு மின்சாரத்தைக் குறைக்கலாம் என்று கணக்காளரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று.

‘எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, நாங்கள் மரினா பே பக்கம், வட்டாரக் குளிரூட்டு நிலையத்திலிருந்து குளிர்நீர் வருகிறது’ என்பவர்களுக்கும் ஒன்று. அங்கே சில்லர்தான் உங்களுடையதில்லை. கட்டடத்துக்குள் சுற்றிவிடும் பம்பும் மாடிக்கு மாடி ஏஎச்யூ விசிறியும் உங்கள் பில்லில்தான் ஓடுகின்றன. கூட்டுரிமை வீடுகளிலும் அப்படித்தான். கீழ்த்தள கார் நிறுத்துமிடத்தின் வெளியேற்று விசிறி, நடுராத்திரியில் ஒரு கார்கூட நகராதபோதும் முழு மூச்சில் ஓடுகிறதா என்று ஒருநாள் தூக்கம் வராதபோது இறங்கிப் பாருங்கள். அதற்குக் கார்பன் மோனாக்சைடு சென்சரும் விஎஸ்டியும் இருந்தால், தீயணைப்பு நேரத்தைத் தவிர மற்ற நேரங்களில் அது தணிந்து ஓடலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய முதலீடு இல்லை. பெரும்பாலான பெட்டிகளை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். மாத அறிக்கையில் எத்தனை புகார், எத்தனை ஃபில்டர் கழுவினோம் என்று எழுதச் சொல்கிறீர்களே, அதோடு ஒவ்வொரு விஎஸ்டியும் அந்த மாதம் எந்த ஹெர்ட்ஸிலிருந்து எந்த ஹெர்ட்ஸ் வரை ஓடியது என்றும் எழுதச் சொல்லுங்கள். கட்டடத்தைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் கணினித் திரையில் அது ஏற்கெனவே இருக்கிறது, அச்செடுத்தால் போதும். கோடு மேலும் கீழும் ஏறி இறங்கினால் சரி. ஸ்கேல் வைத்து வரைந்தது மாதிரி நேராகப் போனால், ஏன் என்று கேளுங்கள். யாரையும் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த மாதம் கோடு தானாக வளைந்து வரும். பம்ப் மட்டும் 50-ல்தான் ஓடும்.

‘ஹேண்ட்’ போட வேண்டி வந்தால் போடட்டும். அவசரத்துக்கு அதுதான் வழி. ஆனால் யார் போட்டார், எதற்கு, எப்போது திருப்பிவிடுவோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். புதிதாக விஎஸ்டி போடுகிற ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை, அது ஒரு மாதம் உண்மையிலேயே ஏறி இறங்கி ஓடியதைக் காட்டிய பிறகு கொடுங்கள். சென்சர்களை வருடம் ஒருமுறை சரிபார்க்கும் செலவை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். தனியாகக் கொட்டேஷன் கேட்டு, மூன்று பேரிடம் விலை ஒப்பிட்டு, கூட்டத்தில் வைத்து, தள்ளிப்போட்டு... அந்தப் பாதையில்தான் டேப் பழுக்கிறது. மிச்சமாகும் மின்சாரத்தில் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு சிறு பங்கு தருவதாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் தம்பி மாதிரி ஆட்கள் ராத்திரி ஷிஃப்டில் ஒவ்வொரு ஹெர்ட்ஸாகத் தேடித் தேடி இறக்குவார்கள். நீங்கள்தான் ‘போதும் தம்பி’ என்று தடுக்க வேண்டியிருக்கும்.

வாடகைதாரர்களிடமும் பேச வேண்டும். அரசாங்க அலுவலகங்களில் ஏசியை 25 டிகிரிக்குக் குறையாமல் வைக்கிறார்கள்; அங்கே யாரும் மயங்கி விழவில்லை. 22-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒரு மாடிக்காக மற்ற 20 மாடியின் பம்பும் உழைக்கிறது. அந்தப் பேச்சை நாங்கள் பேச முடியாது. டூல் பையோடு போகிற ஆள் சொன்னால் ‘ஏசி ரிப்பேர், சாக்குச் சொல்கிறான்’ என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நான் சொன்ன அந்தக் கட்டடத்தில் டேப்பை உரித்த முதல் பம்ப் இப்போது ‘ஆட்டோ’வில் இருக்கிறது. நேற்று இரவு பார்த்தேன்: மழை பெய்துகொண்டிருந்தது, திரையில் 33.4; பார்த்துக்கொண்டிருக்கும்போதே 33.1 ஆனது. வடக்குப் பக்கக் குழாய்த் தொகுதிக்குத் தனிப் பம்ப். அதன் சென்சரும் போய்விட்டது. அது இன்னும் 50-ல்தான் ஓடுகிறது. கொட்டேஷன் அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. விலை மூன்று இலக்கம்தான். அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
இரவுப் பணி ஏசிஎம்வி மேற்பார்வையாளர் ஒருவன்